பக்கத்து மருந்தகத்தின் வரவு செலவு: ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்துகளின் விலையை மக்கள் பார்வையில் படும்படி காட்ட வேண்டும் என்ற ஆணை, 2025 மே 1 முதல் நடப்புக்கு வந்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் விலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும், அந்த விலைக்கு அவசரமாகப் பொருள் சொல்வதும் தொடங்கிவிட்டது. ஒரே மாத்திரைப் பெட்டி பேரங்காடியில் உள்ள பெரிய மருந்தகத்தில் 25 ரிங்கிட், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 30 ரிங்கிட் என்றால், பக்கத்துக் கடைக்காரர் கொள்ளை லாபம் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்னொரு புறம், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் ஒரே கடை வரிசையில் இரண்டு மூன்று மருந்தகங்களைப் பார்ப்பவர்கள், லாபம் இல்லாமலா இத்தனை கடை திறக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு மருந்தகத்துக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. இந்தக் கட்டுரை ஒரு மருந்தாளரோ ஒரு குடும்பமோ ஒன்றிரண்டு கிளைகளோடு நடத்தும் கடைகளைப் பற்றியது. அவற்றைத் தனிக்கடை மருந்தகங்கள் என்போம். கார்டியன், வாட்சன்ஸ், பிக் பார்மசி, கேரிங், அல்ப்ரோ போல ஒரே பெயரில் பல கிளைகள் கொண்டவற்றைத் தொடர் மருந்தகங்கள் என்போம்.

மளிகைக்கடையிலிருந்து தொடங்குவோம்

நம் வட்டாரத்து மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டையில் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை என்பது பலருக்கும் தெரியும். அரிசியின் விலையை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பதால், அதில் ஒரு ரிங்கிட் ஏற்றினாலும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அரிசி ஆளை வரவழைக்கும்; மசாலாத் தூளும் ஊதுவத்தியும் பலகாரப் பொட்டலங்களும் கடையை நடத்தும்.

மருந்தகமும் பெருமளவு இப்படித்தான் இயங்குகிறது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை வாங்குபவர்களுக்கு விலை தெளிவாக நினைவில் இருக்கும். அதனால் அந்த மாத்திரைகளில் கிடைக்கும் மிச்சம் குறைவு. நுழைந்தவுடன் கண்ணில் படும் வைட்டமின், பால்மாவு, முதியோர் அரைக்கச்சை, தோல் பூச்சு, கோடாலித் தைலம் போன்றவை கடையின் முன்பகுதியில் அடுக்கப்பட்டிருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. அவற்றில் சில, குறிப்பாக வைட்டமின் வகைகள், பின்னால் இருக்கும் மருந்துப் பிரிவின் செலவையும் சேர்த்துத் தாங்குகின்றன.

இங்கே இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒரு பொருளை விற்ற விலையிலிருந்து அதை வாங்கிய விலையைக் கழித்தால் வருவது மொத்த லாபம். அதிலிருந்து வாடகை, சம்பளம், மின்சாரம் உள்ளிட்ட எல்லாச் செலவையும் கழித்தபின் கையில் நிற்பது நிகர லாபம். 24 ரிங்கிட்டுக்கு வாங்கிய பெட்டியை 30 ரிங்கிட்டுக்கு விற்றால் மொத்த லாபம் 6 ரிங்கிட். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் அது 25 விழுக்காடு. விற்ற விலையோடு ஒப்பிட்டால் 20 விழுக்காடு. கடை வணிகத்தில் பெரும்பாலும் இரண்டாவது முறையில்தான் கணக்கிடுவார்கள். இந்தக் கட்டுரையிலும் அதையே பின்பற்றுகிறேன். மருந்துக் கடையில் இவ்வளவு விழுக்காடு லாபம் என்று யாராவது சொன்னால், அவர் எந்த லாபத்தை, எந்த விலையோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். நம்மிடையே நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒரு மாதத்துக் கணக்கு

கீழே வருவது புரிதலுக்காக நான் அமைத்த மாதிரிக் கணக்கு. எந்தக் குறிப்பிட்ட கடையையும் பற்றியது அல்ல. ஒரு தனிக்கடை மருந்தகம் மாதம் 80,000 ரிங்கிட்டுக்கு விற்கிறது என்று கொள்வோம். எல்லாப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த லாபம் 22 விழுக்காடு, அதாவது 17,600 ரிங்கிட். சரக்கு வாங்கிய செலவு 62,400 ரிங்கிட்.

இனிச் செலவுகள். கடை வாடகை 4,500. மருந்தாளரின் சம்பளம் 5,500. ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதிப் பங்கு 12 விழுக்காடு என்பதால் அதற்கு 660. உதவியாளர் இருவருக்கு ஆளுக்கு 2,000; அவர்களுக்கான சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 520. மின்சாரம், குளிர்சாதனம், கணினி, வங்கி அட்டைக் கட்டணம், கணக்காளர், காப்புறுதி ஆகியவற்றுக்கு 1,600. கூட்டினால் 16,780 ரிங்கிட். மிஞ்சும் நிகர லாபம் 820 ரிங்கிட். எண்பதாயிரத்துக்கு விற்ற கடையில் நூற்றுக்கு ஒரு ரிங்கிட் அளவே நிற்கிறது.

உரிமையாளரே மருந்தாளராக இருந்தால் அந்த 5,500-உம் அவருக்குத்தானே என்று கேட்கலாம். அது அவர் காலையிலிருந்து இரவுவரை நின்று வேலை செய்ததற்கான கூலி. வேறு இடத்தில் வேலை பார்த்தாலும் அதை அவர் பெற்றிருப்பார். தனிக்கடைகளில் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்தக் கூலிதான். தன் சம்பளத்தைத் தானே குறைத்துக்கொண்டு உரிமையாளர் கடையை ஓட்டும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கடை நன்றாக நடப்பதுபோலவே தெரியும்.

இப்போது, எதிரே திறந்த புதிய கடையோடு போட்டியிட எல்லா விலையையும் 5 விழுக்காடு குறைப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனை 76,000 ஆகும். ஆனால் சரக்குச் செலவு அதே 62,400. மொத்த லாபம் 13,600 ஆகச் சுருங்கும். மாதம் 3,180 ரிங்கிட் நட்டம். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் முன்பைவிட ஏறத்தாழ 29 விழுக்காடு அதிகமான பெட்டிகளை விற்க வேண்டும். ஐந்து விழுக்காடு என்பது வாங்குபவருக்குச் சிறிய தள்ளுபடி. விற்பவருக்கோ, அது கடை நிலைக்குமா மூடுமா என்ற கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், மொத்த லாபம் பெரிதாகத் தெரிந்தாலும் செலவுகள் அதை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சுவது மெல்லியது என்பதால் விலையில் ஏற்படும் சிறு அசைவும் அதை முழுவதுமாக அழித்துவிடும்.

மளிகைக்கடைக்கு இல்லாத கட்டுப்பாடுகள்

இந்த இடத்தில் மருந்தகம் மளிகைக்கடையிலிருந்து பிரிகிறது. மலேசியாவில் பல மருந்துகள் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அச்சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்தை அட்டவணை நச்சுப்பொருள் என்கிறோம். பெயர் அச்சமூட்டினாலும், அளவோடும் கண்காணிப்போடும் கொடுக்க வேண்டிய மருந்து என்பதே அதன் பொருள். இவற்றில் பி பிரிவு மருந்துகளைக் கொடுக்க மருத்துவரின் மருந்துச்சீட்டு தேவை. சி பிரிவு மருந்துகளைச் சீட்டு இல்லாமலும் மருந்தாளர் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இவற்றை விற்க ஏ வகை உரிமம் வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட மருந்தாளரின் பெயரில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. மருந்தாளரின் நேரடி மேற்பார்வையில்தான் இந்த மருந்துகளைக் கொடுக்க முடியும். அவர் மதிய உணவுக்குப் போனாலும் காய்ச்சலில் படுத்தாலும் கடையின் அந்தப் பகுதி நின்றுவிடும். மளிகைக்கடையில் மகனையோ மருமகளையோ கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் போவதுபோல் இங்கே செய்ய முடியாது. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் கடைக்கு முறையாகப் பார்த்தால் இரண்டு மருந்தாளர்கள் வேண்டும். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் இரண்டாவது மருந்தாளருக்கு இடமே இல்லை.

இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை மக்களின் உயிரைக் காக்கும் கட்டுப்பாடுகள். ஆனால் அவற்றுக்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவைக் கடைதான் சுமக்கிறது.

உதவியாளர் சம்பளமும் அதேபோல் கட்டாயமாக ஏறும் செலவே. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக 2025 பிப்ரவரியில் உயர்ந்தது. ஐந்துக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறு கடைகளுக்கு அது ஆகஸ்ட் 1 முதல் பொருந்தியது. உழைப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உயர்வு அது. எனினும் அடிமட்டம் 200 ரிங்கிட் ஏறும்போது அதற்குச் சற்று மேலே வாங்கிக்கொண்டிருப்பவரும் உயர்வு கேட்பார். இரண்டு பேருக்கு 200 ரிங்கிட் வீதம் கூட்டினால், சேமநிதிப் பங்கோடு 452 ரிங்கிட். அது 820 ரிங்கிட்டில் பாதிக்கு மேல்.

ஒரே பெட்டிக்கு இரண்டு வாங்கும் விலை

ஆரம்பத்தில் சொன்ன 25 ரிங்கிட், 30 ரிங்கிட் புதிருக்கு விடை பெரும்பாலும் வாங்கும் விலையில் இருக்கிறது. மலேசியாவில் தனியார் துறை மருந்து விலைக்குப் பொதுவான உச்சவரம்பு கிடையாது. உற்பத்தியாளரிடமிருந்து சுவெலிக் பார்மா, டிகேஎஸ்எச் போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாக மருந்து கடைக்கு வருகிறது. அதிகமாக வாங்குபவருக்கு இலவசப் பெட்டிகள் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தொழிலில் இதைப் போனஸ் என்பார்கள்.

மறுபடியும் ஒரு மாதிரிக் கணக்கு. பெட்டியின் பட்டியல் விலை 24 ரிங்கிட். நூறு பெட்டி வாங்கினால் இருபது பெட்டி இலவசம் என்றால், 2,400 ரிங்கிட்டுக்கு 120 பெட்டி கிடைக்கிறது. ஒரு பெட்டியின் உண்மையான விலை 20 ரிங்கிட். தொடர் மருந்தகம் அதை 25 ரிங்கிட்டுக்கு விற்றாலும் பெட்டிக்கு 5 ரிங்கிட் நிற்கும். மாதம் ஐந்து பெட்டி மட்டுமே விற்கும் தனிக்கடைக்குப் போனஸ் கிடையாது; அது 24 ரிங்கிட்டுக்கு வாங்குகிறது. அதே 25 ரிங்கிட்டுக்கு விற்றால் நிற்பது ஒரே ஒரு ரிங்கிட். மருந்தைப் போட்டுக் கொடுக்கும் பையின் விலையையும் வங்கி அட்டைக் கட்டணத்தையும் கழித்தால் அதுவும் குறையும்.

ஆகவே, 30 ரிங்கிட் என்று எழுதியிருக்கும் கடை அதிக லாபம் பார்க்கிறது என்று சொல்ல விலைப்பலகை மட்டும் போதாது. மேற்கண்ட கணக்கில் இரண்டு கடைகளின் மொத்த லாபமும் ஒரே 20 விழுக்காடுதான்.

இந்த இடைவெளி குறையப் போவதாகத் தெரியவில்லை. தொடர் மருந்தகங்களே ஒன்றையொன்று வாங்கிப் பெரிதாகி வருகின்றன. 2023-இல் கேரிங் மருந்தகங்களில் செவன்-இலெவன் மலேசியா வைத்திருந்த பங்குகள் பிக் பார்மசியின் கைக்குப் போனது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கடைகளின் எண்ணிக்கை கூடக்கூட பேரம் பேசும் வலுவும் கூடும். தனிக்கடைகள் சில, கூட்டாகச் சேர்ந்து கொள்முதல் செய்து இதைச் சமாளிக்கின்றன. வைட்டமின், பால்மாவு போன்றவற்றுக்கோ ஷோப்பி, லசாடா போன்ற இணைய விற்பனைத் தளங்களும் போட்டிக்கு நிற்கின்றன. கடையைத் தாங்கும் பொருள்களே அங்கே மலிவாகக் கிடைப்பதுதான் தனிக்கடைகளுக்கு விழும் பெரிய அடி.

மருந்துச்சீட்டு ஏன் வருவதில்லை?

நம் நாட்டு மருந்தகங்களின் நிலைமைக்கு மிக ஆழமான காரணம் இதுதான் என்பது என் கருத்து. இதைப் பற்றிய பேச்சில்தான் குழப்பமும் கோபமும் அதிகம்.

மருத்துவர் நோயைக் கண்டறிந்து சீட்டு எழுதுவதும், மருந்தாளர் அதைச் சரிபார்த்து மருந்து கொடுப்பதும் வெவ்வேறு கைகளில் இருக்கும் முறையை மருந்து வழங்கல் பிரிப்பு என்பார்கள். தென்கொரியா 2000-ஆம் ஆண்டில் இந்த முறைக்கு மாறியது; மருத்துவர்களின் பெரும் வேலைநிறுத்தங்களுக்கு இடையில்தான் அது நடந்தது. மலேசியாவில் அந்தப் பிரிப்பு இல்லை. தனியார் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்தவர், அதே கிளினிக்கின் முகப்பிலேயே மருந்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதாரக் கிளினிக்குக்கோ போனால், குடிமக்களுக்குப் பொது வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். சிறப்பு மருத்துவரிடம் 5 ரிங்கிட். மருந்து அதிலேயே அடங்கும். பினாங்கு மருத்துவமனையில் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதக்கணக்காக மருந்து பெறும் நம் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் வழியாக மருந்து அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

இப்போது மருந்தகத்தின் பக்கம் நின்று பாருங்கள். அரசாங்க நோயாளிகளின் சீட்டும் இங்கே வருவதில்லை. தனியார் கிளினிக் நோயாளிகளின் சீட்டும் பெரும்பாலும் வருவதில்லை. தனியார் கிளினிக்கில் விலை கட்டுப்படியாகாமல் சீட்டைக் கேட்டு வாங்கி வருபவர்களும், சீட்டு இல்லாமலே கொடுக்கக்கூடிய மருந்தைத் தேடி வருபவர்களும், வைட்டமின் வாங்குபவர்களும்தான் மிச்சம். நான்கு ஆண்டுகள் படித்து, கட்டாயப் பயிற்சியும் முடித்த ஒருவருடைய முதன்மையான வேலை சீட்டைச் சரிபார்ப்பது. அந்த வேலையே அவருடைய கடைக்குள் மிகக் குறைவாக நுழைகிறது.

இதற்கு மருத்துவர்களைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் அவர்களுடைய கணக்கையும் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ விதிமுறைகளில் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்று வரையறுக்கப்பட்டு, பல ஆண்டுகள் அப்படியே நின்றது. அதே காலத்தில் வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறிக்கொண்டே போயின. ஆலோசனையில் வராத பணத்தை மருந்தில் ஈடுகட்டித்தான் பல கிளினிக்குகள் நிலைத்தன. விலையைக் காட்டும் ஆணை வந்தபோது 2025 மே 6 அன்று மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. கிளினிக்கும் மருந்தகமும் ஒரே சிறிய மிச்சத்துக்காக இழுபறி நடத்துகின்றன. ஏனென்றால் இருவருடைய அறிவுக்கும் நம் அமைப்பு தனியாகப் போதிய விலை வைக்கவில்லை.

அலமாரியில் முடங்கும் பணம்

கடையை அன்றாடம் ஓட்டக் கையில் இருக்க வேண்டிய பணத்தை நடைமுறை மூலதனம் என்பார்கள். லாபத்தில் இருக்கும் கடையும் இது தீர்ந்துபோனால் மூட நேரிடும்.

நம் மாதிரிக் கடை இரண்டு மாத விற்பனைக்குத் தேவையான சரக்கை வைத்திருக்கிறது என்றால், ஏறத்தாழ 1,25,000 ரிங்கிட் அலமாரியில் முடங்கியிருக்கிறது. விநியோகிப்பாளர் 30 நாள் தவணை கொடுத்தால், ஒரு மாதச் சரக்கின் பணத்தை அவர் தாங்குவார். மற்ற 62,400 ரிங்கிட்டைக் கடைக்காரர் சொந்தச் சேமிப்பிலோ வங்கிக் கடனிலோ தாங்க வேண்டும். சரக்கைக் குறைக்கலாமே என்றால், கேட்ட மருந்து இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

காலாவதி இன்னொரு கண்ணுக்குத் தெரியாத நட்டம். 24 ரிங்கிட்டுக்கு வாங்கி 30 ரிங்கிட்டுக்கு விற்கும் பெட்டி ஒன்று காலாவதியாகி, நிறுவனம் திரும்பப் பெறாமல் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட அதேபோன்ற நான்கு பெட்டிகள் விற்க வேண்டும். இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் தடைபட்டாலோ குளிர்பெட்டி பழுதானாலோ மொத்தமாக எறிய வேண்டியதுதான்.

அரசாங்கம் திடீரென விலை வரம்பு விதிப்பதும் சரக்கின் மதிப்பைக் குறைக்கும். 2021 செப்டம்பரில் கோவிட் சுயபரிசோதனைக் கருவிக்குச் சில்லறை விலை 19.90 ரிங்கிட் என்று வரம்பு வந்தது. அதற்கு முன் கூடுதல் விலையில் வாங்கி அடுக்கிய சரக்கு எந்தக் கடையில் மிஞ்சியிருந்தாலும் அந்த வேறுபாடு அந்தக் கடையின் நட்டமே. நோய்த்தொற்றுக் காலத்தில் அந்த வரம்பு மக்களுக்குத் தேவைப்பட்டது என்பதிலும் ஐயமில்லை.

ஜார்ஜ்டவுன் வாடகை

பினாங்குத் தீவைப் பொறுத்தவரை வாடகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு நெடுங்காலம் இருந்த வாடகைக் கட்டுப்பாடு, 1999 முடிவோடு நீங்கியது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. சுற்றுலா வளர்ந்தது, காப்பிக் கடையும் சிறு விடுதியும் தரக்கூடிய வாடகையை, சிறு மிச்சத்தில் ஓடும் பழைய கடைகளால் தர முடியவில்லை. இடம் மாறுவதும் மருந்தகத்துக்கு எளிதல்ல. உரிமம் இடத்தோடு கட்டப்பட்டிருப்பதால் புதிய இடத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பழகிய முதிய வாடிக்கையாளர்கள் புதிய இடத்துக்குப் பேருந்து ஏறி வருவார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது.

ஆலோசனைக்கு விலை இல்லை

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்றோர் ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிடக் கூடுதல் என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. நம் குடும்பங்களில் ஒருவர் நான்கைந்து மருந்துகளை ஒரே நேரத்தில் சாப்பிடுவது அரிதல்ல. மருத்துவமனையில் கொடுத்தது, கிளினிக்கில் கொடுத்தது, உறவினர் சொல்லி வாங்கிய மூலிகைத் தூள் என எல்லாம் ஒரே பையில் இருக்கும். அந்தப் பையைக் கொண்டுவந்து கொட்டி, தமிழில் கேள்வி கேட்கும் ஒரு பாட்டிக்குப் பக்கத்து மருந்தாளர் இருபது நிமிடம் ஒதுக்குகிறார். ஒரே மூலப்பொருள் கொண்ட மாத்திரையை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார் என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறார். கடைக்கு அந்த இருபது நிமிடத்தில் வந்த வருமானம் பூஜ்யம்.

அதோடு முடியவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்தபின், அதே செயல்படும் மூலப்பொருளைக் கொண்டு வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்தைப் பொதுப்பெயர் மருந்து என்கிறோம். ஜெனரிக் என்றால் பலருக்கும் தெரியும். 30 ரிங்கிட் அசல் மருந்தில் 20 விழுக்காடு என்றால் கடைக்கு 6 ரிங்கிட். அதற்குப் பதிலாக 12 ரிங்கிட் பொதுப்பெயர் மருந்தைப் பரிந்துரைத்தால், அதில் 35 விழுக்காடு கிடைத்தாலும் 4.20 ரிங்கிட்தான். நோயாளிக்கு 18 ரிங்கிட் மிச்சப்படுத்திக் கொடுத்த மருந்தாளர், நேர்மையாக இருந்ததற்காக 1.80 ரிங்கிட் இழக்கிறார். இதைத் தினமும் செய்யும் மருந்தாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தொழில் அமைப்பு தனிமனிதர்களின் நற்குணத்தை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது. மிச்சம் சுருங்கச் சுருங்க, வைட்டமின் புட்டியை நோயாளியின் கையில் திணிக்கும் அழுத்தம் கூடும். இருபது நிமிடம் ஐந்து நிமிடமாகும்.

சில நாடுகள் இதற்குத் தனியாகப் பணம் கொடுக்கின்றன. இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவை, சீட்டின் ஒவ்வொரு மருந்துக்கும் மருந்தகத்துக்குக் கட்டணம் தருகிறது. 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காதுவலி உள்ளிட்ட ஏழு வகை நோய்களுக்கு மருந்தாளரே ஆலோசனை வழங்கும் திட்டம் அங்கே வந்தது. தொடக்கத்தில் ஓர் ஆலோசனைக்கு 15 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். அங்கும் செலவு ஏறிய வேகத்துக்குக் கட்டணம் ஏறாததால் மருந்தகங்கள் மூடப்பட்டுத்தான் வருகின்றன. எனவே கட்டணம் என்ற ஒன்று இருப்பது மட்டும் போதாது; அது செலவோடு சேர்ந்து நகரவும் வேண்டும். மலேசியாவிலோ அத்தகைய கட்டணம் இன்னும் பொதுவான நடைமுறையாகவே வரவில்லை. மருந்தாளரின் கல்வி, உரிமம், நேரம் எல்லாவற்றுக்கும் பெட்டியின் விலைதான் பொறுப்பேற்கிறது.

விலைப்பலகையை எப்படிப் படிப்பது?

இரண்டு விலைகளை ஒப்பிடும்போது மூன்று விவரங்கள் ஒத்திருக்க வேண்டும்: செயல்படும் மூலப்பொருளின் பெயர், மில்லிகிராம் அளவு, பெட்டியில் உள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை. 28 மாத்திரைப் பெட்டியையும் 30 மாத்திரைப் பெட்டியையும் அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும். ஒரு மாத்திரைக்கு எத்தனை சென் என்று வகுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் உள்ளனவா என்றும் பாருங்கள். பதிவு பெறாத மருந்தின் மலிவான விலையோடு பதிவு பெற்ற மருந்தின் விலையை ஒப்பிடவே கூடாது.

தனியார் கிளினிக்கில் மருந்தின் விலை கூடுதலாகத் தோன்றினால், ஆலோசனைக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மருந்துச்சீட்டை மட்டும் கேட்டு வாங்கலாம். கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்தச் சீட்டோடு பக்கத்து மருந்தகத்துக்குப் போகும்போது, வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்; இதற்குப் பொதுப்பெயர் மருந்து உண்டா, விலை எவ்வளவு என்றும் மருந்தாளரிடமே கேளுங்கள். நீண்ட நாள் மருந்தாக இருந்தால், எந்தத் தேதியில் மறுபடியும் வாங்க வருவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைக்காரர் அதற்கேற்ற அளவு சரக்கை மட்டும் வரவழைத்துக்கொள்ளலாம். காலாவதி நட்டம் குறையும். ஒரே தடவையில் சற்று அதிகமாகக் கொள்முதல் செய்ய முடிந்தால் விலையிலும் ஓரளவு இறக்கம் கேட்க உங்களுக்கு இடமிருக்கும்.